முகாமில் கற்ற தச்சு: ஜோர்ஜ் நகாஷிமாவும் அவர் செய்த கதிரைகளும்

1942ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், மரமே இல்லாத வரண்ட சமவெளி ஒன்றில், மினிடோக்கா என்ற முகாம் திறக்கப்பட்டது. அங்கே குடும்பம் குடும்பமாகக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களுக்கு ஆளுக்கொரு இரும்புக் கட்டிலும் போர்வையும் கொடுத்தார்கள். அறைக்கு ஓர் அடுப்பு, மேலிருந்து தொங்கும் ஒரு மின்குமிழ். அவ்வளவுதான். இருப்பதற்கு ஒரு கதிரை இல்லை. பிள்ளைக்குப் பால் கரைக்க ஒரு மேசை இல்லை. உடுப்பு அடுக்கி வைக்க ஒரு தட்டு இல்லை. சுவர் என்பது பலகை. பலகைக்கு வெளியே தார் பூசிய கடதாசி. இடுக்குகளால் புழுதி உள்ளே வந்து கட்டில்களில் படிந்தது. முகாம் என்றால் என்ன என்பதை இதை வாசிப்பவர்களுக்கு விளக்கவேண்டிய தேவை இல்லை.

அந்த அறைகளில் ஒன்றில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் இருந்தவர் ஜோர்ஜ் நகாஷிமா. அப்போது அவருக்கு 37 வயது. கட்டடக்கலையில் முதுமாணிப் பட்டம் பெற்றவர். பாரிஸிலும் டோக்கியோவிலும் இருந்தவர், பாண்டிச்சேரியில் ஒரு கட்டடத்தை நின்று கட்டுவித்தவர். பின்னாளில் அவர் செய்த மேசைகளும் கதிரைகளும் அமெரிக்காவின் பெரிய அருங்காட்சியகங்களுக்குப் போயின. இன்று அவற்றில் சில ஏலத்துக்கு வந்தால் லட்சக்கணக்கான டொலருக்கு விற்கின்றன. ஆனால் உளியையும் வாளையும் ஒரு தச்சரைப்போலப் பிடிப்பதற்கு அவர் கற்றுக்கொண்டது அந்த முட்கம்பி வேலிக்குள்தான்.

நகாஷிமா 1905இல் வொஷிங்டன் மாநிலத்தின் ஸ்போக்கேன் நகரில் பிறந்தார். பெற்றோர் யப்பானிலிருந்து குடியேறியவர்கள். சின்ன வயதில் மலைக்காடுகளில் நடந்து திரிந்த பழக்கத்தால், பல்கலைக்கழகத்தில் முதலில் வனவியலைத்தான் எடுத்தார். பிறகு கட்டடக்கலைக்கு மாறினார். மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் முதுமாணிப் படிப்பை முடித்து வெளியே வந்தபோது பெருமந்தக் காலம். கட்டுவதற்கு யாரிடமும் பணம் இல்லை. கிடைத்த வேலையும் நிலைக்கவில்லை. தனது காரை விற்று, உலகைச் சுற்றிவரும் கப்பல் பயணச்சீட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

பாரிஸில் ஒரு வருடம் அளவில் இருந்தார். லு கொர்புசியேயின் கட்டடம் ஒன்று எழும்புவதை அங்கே அருகிலிருந்து பார்த்தார். வட ஆபிரிக்காவுக்கும் போனார். 1934இல் யப்பானை அடைந்து, டோக்கியோவில் அன்ரனின் ரேமண்ட் என்பவரின் அலுவலகத்தில் சேர்ந்தார். இந்த ரேமண்ட் செக் நாட்டில் பிறந்து அமெரிக்கரானவர். பிராங்க் லொயிட் ரைட் டோக்கியோவில் இம்பீரியல் ஹோட்டலைக் கட்டியபோது அவருக்கு உதவியாக வந்து, பின்னர் அங்கேயே தங்கித் தொழில் செய்தவர். நகாஷிமாவின் வாழ்க்கையில் இரண்டு தடவை கதவைத் திறந்துவிட்டவர் இவர்தான். இரண்டாவது தடவையைப் பற்றிச் சொல்லும்போது இன்னொரு கதையையும் சொல்லவேண்டிவரும்.

பாண்டிச்சேரி அப்போது பிரெஞ்சு ஆட்சியின் கீழ் இருந்தது. அரவிந்தர் ஆசிரமத்தின் அடியார்களுக்கு ஒரு தங்குமிடம் கட்டும் வேலை ரேமண்டின் அலுவலகத்துக்கு வந்தது. ஹைதராபாத் நிசாமின் அரசில் உயர் பதவியில் இருந்த சேர் அக்பர் ஹைதாரியின் ஏற்பாட்டில் பணம் கிடைத்ததால், கோல்கொண்டாவின் நினைவாகக் கட்டடத்துக்குக் கோல்கொண்ட் என்று பெயர் வைத்தார்கள். தலத்தில் நின்று வேலையைப் பார்க்க நகாஷிமா அனுப்பப்பட்டார்.

கோல்கொண்ட் இன்றும் இருக்கிறது. கொங்கிரீட்டால் கட்டியது. ஆனால் பாண்டிச்சேரியின் வெக்கையை விளங்கிக்கொண்டு கட்டியது. அறைகளின் வெளிப்பக்கம் முழுச்சுவர் இல்லை. திறந்து மூடக்கூடிய கிடைத்தகடுகள் தரை முதல் மேல்வரை அடுக்காக இருக்கின்றன. உள்பக்கம் தேக்குச் சட்டங்களால் ஆன இழுவைக் கதவுகள். அவற்றை மூடினாலும் காற்று ஓடும், ஆனால் மறைவு கிடைக்கும். தரையில் கறுப்புக் கடப்பைக் கல். வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் ஆசிரமவாசிகள். கதவுகளுக்கான கைபிடிகள், கீல்கள் போன்றவற்றை விலைக்கு வாங்காமல், அடியார்கள் கொடுத்த பழைய பித்தளைப் பாத்திரங்களை உருக்கி அங்கேயே வார்த்தார்கள். பித்தளைக் குடம் ஒரு வீட்டில் எத்தனை தலைமுறை இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு, அதை உருக்கிக் கதவுக்குக் கைபிடி செய்வது சின்னக் காரியமாகத் தெரியாது.

அந்த அறைகளுக்கான தளபாடங்களையும் நகாஷிமாவே வடிவமைத்தார். கட்டில், எழுதும் மேசை, கதிரை, அலுமாரி. எல்லாம் தேக்கு. அலங்காரம் இல்லை. ஓர் ஆளுக்குத் தேவையானது மட்டும். அவர் வடிவமைத்த முதல் தளபாடங்கள் இவை என்று சொல்லப்படுகிறது. அப்போது அவர் செய்தது வரைபடம் போடுவது. மரத்தை வெட்டிப் பொருத்தியது மற்றவர்களின் கைகள். இந்த வேறுபாடு அவருக்குப் பின்னால் பெரிய விடயமாகிவிட்டது.

வேலையைப் பார்க்கப் போனவர் அங்கேயே சேர்ந்துவிட்டார். சம்பளத்தை விட்டுவிட்டு ஆசிரமவாசியானார். அரவிந்தர் அவருக்குச் சுந்தரானந்தர் என்று பெயர் கொடுத்தார். அழகில் இன்புறுகிறவர் என்று பொருள். ஆனாலும் அவர் நிரந்தரமாக அங்கே தங்கவில்லை. 1939இல், உலகம் போருக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது, பாண்டிச்சேரியிலிருந்து புறப்பட்டுச் சீனா வழியாக யப்பானுக்குத் திரும்பினார். அங்கே மரியன் ஒகாஜிமாவைச் சந்தித்தார். அவரும் அமெரிக்காவில் பிறந்த யப்பானியர். 1941இல் அமெரிக்காவில் திருமணம் செய்துகொண்டார்கள்.

அமெரிக்கா திரும்பிய நகாஷிமா, பேர்பெற்ற கட்டடக்கலைஞர்கள் கட்டிக்கொண்டிருந்த வீடுகளைப் போய்ப் பார்த்தார். பிராங்க் லொயிட் ரைட்டின் வேலையையும் பார்த்தார். வரைபடத்தில் அழகாக இருந்தது, சுவரிலும் பொருத்துகளிலும் அரைகுறையாக இருந்தது. வரைகிறவர் ஓரிடத்திலும் கட்டுகிறவர் இன்னோரிடத்திலும் இருக்கும் தொழிலில் தனக்கு வேலை இல்லை என்று முடிவெடுத்தார். தொடக்கம் முதல் முடிவு வரை தன் கைக்குள் நிற்கும் ஒரு தொழில் வேண்டும். அதற்குத் தளபாடம்தான் சரி. சியாட்டிலில் கத்தோலிக்க மேரிநோல் சபை நடத்திய சிறுவர் கழகக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் ஒரு சின்னப் பட்டறையைத் தொடங்கினார். வாடகைக்குப் பதிலாகச் சிறுவர்களுக்குத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்தார்.

1941 டிசம்பர் 7இல் யப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. அடுத்த பெப்ரவரி 19இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066ஆம் இலக்க நிறைவேற்றுக் கட்டளையில் கையெழுத்திட்டார். அதன்படி மேற்குக் கரையோரத்தில் வாழ்ந்த யப்பானிய வழிவந்தவர்கள் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடுகளிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள். எவர் மீதும் தனித்தனியாக வழக்கு இல்லை, விசாரணை இல்லை. மூதாதையர் யார் என்பதே குற்றமாக இருந்தது.

கையால் தூக்கிச் செல்லக்கூடியதை மட்டும் கொண்டுவரலாம் என்பது கட்டளை. படுக்கை விரிப்பு, உடுப்பு, சாப்பாட்டுப் பாத்திரம். மற்றதெல்லாம் போயிற்று. விடயம் தெரிந்த வியாபாரிகள் யப்பானியர்களின் தெருக்களுக்கு வண்டியோடு வந்தார்கள். குளிரூட்டிக்கும் பியானோவுக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ஒன்றிரண்டு டொலர் விலை சொன்னார்கள். கொடுக்காவிட்டாலும் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்பது விற்கிறவருக்கும் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும். சிலர் அயலவரிடம் ஒப்படைத்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்குப் பொருட்கள் கிடைத்தன, பலருக்குக் கிடைக்கவில்லை. வீட்டுத் தளபாடம் என்பது போரின் கணக்குகளில் கடைசி வரியில்கூட வராது. ஆனால் அகற்றப்பட்டவர்கள் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு பேசியபோதும் தாயின் தையல் இயந்திரம், தகப்பனின் கதிரை என்றுதான் தொடங்கினார்கள்.

மினிடோக்காவில் 9,000க்கும் மேற்பட்டவர்கள் அடைக்கப்பட்டார்கள். முகாம் அப்போதும் முழுதாகக் கட்டிமுடியவில்லை. கட்டடவேலையில் மிஞ்சிய பலகைத் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. இரவானால் ஆட்கள் அவற்றை எடுத்துவரப் போவார்கள். ஆப்பிள் பெட்டி, நிலக்கரிக் கிடங்கின் ஓரத்தில் கிடந்த சட்டம், வளைந்த ஆணி, எதையும் விடவில்லை. அந்தத் துண்டுகளிலிருந்து முதலில் வாங்குகள் வந்தன, பிறகு மேசைகள், பிறகு தட்டுகள். பத்து முகாம்களிலும் இதே கதைதான். செய்தவர்களில் பலர் அதற்கு முன் தச்சுவேலை செய்தவர்களே அல்ல. விவசாயிகள், மீனவர்கள், கடைக்காரர்கள்.

அங்கேதான் நகாஷிமா கென்ராரோ ஹிக்கோகாவாவைச் சந்தித்தார். ஹிக்கோகாவா யப்பானில் முறைப்படி பழகிய தச்சர். எங்கள் ஊர்ப் பேச்சில் சொல்வதானால் ஓர் ஓடாவி. பட்டம் இல்லை, கை இருந்தது. வெறும் அறைகளை எப்படி வீடுபோல ஆக்கலாம் என்று காட்டுவதற்கு ஒரு மாதிரி அறையைச் செய்யும் வேலை இருவரிடமும் வந்தது. பலகைத் துண்டுகளும், பாலைநிலத்தில் வளர்ந்த முறுக்கேறிய புதர்க் கட்டைகளும்தான் மூலப்பொருள்.

படித்த கட்டடக்கலைஞர் அந்தத் தச்சரிடம் கையாளாக நின்று கற்றார். யப்பானிய வாள் தள்ளும்போது அல்ல, இழுக்கும்போது வெட்டும். சீவுளியும் அப்படியே, உடம்பை நோக்கி இழுக்கவேண்டும். பலத்தை விடக் கூர் முக்கியம். அதனால் நாளின் ஒரு பகுதி தீட்டுவதிலேயே போகும். ஒரு துண்டில் துளை, மற்றத் துண்டில் அதற்குள் சரியாக இறங்கும் முனை. ஆணி இல்லாமல் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். பொருத்து வெளியே தெரியாவிட்டாலும் உள்ளே சுத்தமாக இருக்கவேண்டும். ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அதன் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது, எந்தப் பக்கம் வளையப் பார்க்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். பலகைக்குத் தட்டுப்பாடு உள்ள இடத்தில் தப்பு விட முடியாது. ஒரு துண்டைப் பிழையாக வெட்டினால் அடுத்த துண்டு கிடைக்கும்வரை காத்திருக்கவேண்டும்.

நகாஷிமாவைப் பற்றி எழுதுகிறவர்கள் சிலர் இந்த இடத்தில் முகாமை ஒரு கலைப்பள்ளி போல ஆக்கிவிட்டுக் கடந்துபோகிறார்கள். அதில் ஒரு வசதி இருக்கிறது. அடைத்தவர்களுக்கும் ஓர் ஆறுதல். ஆனால் ஹிக்கோகாவாவிடம் கற்பதற்கு முட்கம்பி தேவைப்பட்டிருக்கவில்லை. சியாட்டிலில் ஒரு பட்டறை இருந்தது, மனைவி இருந்தார், பிள்ளை பிறந்திருந்தது. அதை அரசு பறித்தது. பறித்த இடத்தில் ஒரு தச்சரும் ஒரு கட்டடக்கலைஞரும் தங்கள் கைகளால் ஒன்றைச் செய்துகொண்டார்கள். அந்தக் கணக்கில் முகாமுக்குப் பங்கில்லை. நகாஷிமாவே அந்த அடைப்பை மூடத்தனமான, உணர்வற்ற செயலாகத்தான் கருதினார். அதேவேளை ஹிக்கோகாவாவுக்குத் தான் பட்ட கடனை எப்போதும் மறைக்கவில்லை.

1943இல் வெளியே வர வழி கிடைத்தது. முகாமிலிருந்து வெளியேற ஒரு வேலையும் பொறுப்பேற்க ஒருவரும் வேண்டும். பழைய முதலாளி ரேமண்ட் அப்போது பென்சில்வேனியாவின் நியூ ஹோப் என்ற ஊரில் ஒரு பண்ணையில் இருந்தார். அவர் பொறுப்பேற்றார். ஆனால் கட்டடக்கலை வேலைக்கல்ல. நகாஷிமா பண்ணையில் கோழி வளர்த்தார்.

மேலே சொன்ன இன்னொரு கதை இதுதான். ரேமண்ட் அந்த ஆண்டில் அமெரிக்க இராணுவத்துக்காக ஒரு கிராமத்தை வடிவமைத்தார். யூட்டா மாநிலத்தின் டக்வே பரிசோதனைத் தளத்தில், யப்பானியத் தொழிலாளர் குடியிருப்புகளைப் போல அச்சொட்டாக வீடுகள் கட்டப்பட்டன. தீக்குண்டுகள் யப்பானிய நகரங்களை எப்படி எரிக்கும் என்று பார்ப்பதற்கு. வீடு மட்டும் சரியாக இருந்தால் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் தீ பரவும் வேகத்தைத் தீர்மானிக்கும். ஆகவே பாய்களும் இருக்கை மெத்தைகளும் வீட்டுச் சாமான்களும் அசல்போலவே வைக்கப்பட்டன. பல வருடம் டோக்கியோவில் வாழ்ந்தவருக்கு அந்த வீடுகளின் உள்ளே என்ன இருக்கும் என்பது தெரியும். அவரை அழைத்ததும் அதற்காகத்தான். கட்டினார்கள், எரித்தார்கள், திரும்பக் கட்டினார்கள். 1945 மார்ச் 9ஆம் திகதி இரவு அந்தக் குண்டுகள் டோக்கியோவில் விழுந்தன. ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் ஓர் இரவில் மாண்டார்கள். ஒரு யப்பானியக் குடும்பத்தை முகாமிலிருந்து மீட்டெடுத்ததும், யப்பானிய வீடுகளை எரிப்பதற்கு வரைபடம் போட்டுக்கொடுத்ததும் ஒரே மனிதர், ஒரே ஆண்டு. ரேமண்ட் இதைப் பின்னாளில் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். போர் முடிந்ததும் அவர் யப்பானுக்குத் திரும்பிப்போய்க் கட்டடங்கள் கட்டினார்.

நகாஷிமா ஓராண்டளவில் பண்ணையை விட்டு விலகி, அதே ஊரில் சொந்தமாகத் தொழிலைத் தொடங்கினார். காணி வாங்கப் பணம் இல்லை. மூன்று ஏக்கர் நிலத்தை ஒரு விவசாயி கொடுத்தார்; அதற்கு ஈடாகத் தச்சுவேலை செய்துகொடுப்பது என்று பேச்சு. குடும்பம் முதலில் கூடாரத்தில் இருந்தது. முதலில் கட்டியது பட்டறையை, பிறகுதான் வீட்டை. சுற்றிக் கிடந்த கல்லும் கிடைத்த மரமும் சுவராயின.

மரத்துக்கும் அதே நிலைமைதான். நல்ல பலகை வாங்க முடியாது. மரக்காலைகளில் வேண்டாம் என்று ஒதுக்கிய பலகைகளைக் குறைந்த விலைக்கு எடுத்தார். ஓரத்தில் பட்டையோடு இருந்தவை, நடுவில் வெடித்தவை, முடிச்சு விழுந்தவை, புழு துளைத்தவை. மற்றத் தளபாடக்காரர்கள் அந்த ஓரத்தை அரிந்து எறிந்துவிட்டு நேராக்குவார்கள், வெடிப்பை வெட்டி அகற்றுவார்கள். இவர் விட்டுவிட்டார். மேசையின் ஓரம் மரம் வளர்ந்த வளைவோடேயே இருந்தது. வெடிப்பு வெடிப்பாகவே தெரிந்தது.

ஆனால் வெடிப்பை அப்படியே விட்டால் அது வளரும். மரம் வெட்டிய பிறகும் அசையும். ஈரமான காலத்தில் ரேகைக்குக் குறுக்கே விரியும், வரட்சியில் சுருங்கும். வெடித்த பலகை ஒவ்வொரு பருவத்திலும் இன்னும் கொஞ்சம் பிரியப் பார்க்கும். அதற்கு அவர் கையாண்டது ஒரு பழைய முறை. கடினமான மரத்தில், நடுவில் ஒடுங்கி இரு பக்கமும் விரிந்த ஒரு துண்டை வெட்டுவார். வண்ணாத்திப்பூச்சி செட்டை விரித்தது போலிருக்கும். வெடிப்புக்குக் குறுக்கே, அதே வடிவத்தில் பலகையைக் குடைந்து, அந்தத் துண்டை இறுக்கமாக உள்ளே இறக்குவார். இரு பக்கமும் அகலமாக இருப்பதால் பலகை பிரிய நினைத்தாலும் அந்தத் துண்டு விடாது. வெடிப்பு இருக்கும், ஆனால் அந்த இடத்திலேயே நிற்கும். மறைக்கவேண்டிய ஒட்டாக அவர் இதை நினைக்கவில்லை. வேறு நிறத்து மரத்தில் செய்து, எல்லோரும் பார்க்கும்படி மேசையின் முகத்திலேயே வைத்தார்.

பெயர் வந்து பணம் வந்த பிறகு பெரிய மரங்களை முழுதாக வாங்கினார். அடிமரத்தை அரியும்போது பக்கத்தில் நிற்பார். எவ்வளவு தடிப்பில், எந்தக் கோணத்தில் வாள் இறங்கவேண்டும் என்பது ஒரு தடவைதான் தீர்மானிக்கக்கூடியது. அரிந்த பலகைகளை மரத்தில் இருந்த அதே வரிசையில் அடுக்கி, இடையில் குச்சி வைத்து, வருடக்கணக்கில் காயவிடுவார். அடுத்தடுத்து அரிந்த இரண்டு பலகைகளைப் புத்தகம் விரிப்பது போல விரித்து ஒட்டினால், ரேகைகள் இரு பக்கமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிபோல நிற்கும். பெரிய மேசைகளில் பல இப்படிச் செய்தவை. அதிகமாகப் பயன்படுத்தியது அமெரிக்காவின் கறுப்பு வால்நட். மேலே மினுக்கும் பூச்சு இல்லை. எண்ணெய் தேய்த்துத் தேய்த்து ஊறவைப்பது. காலப்போக்கில் கீறல் விழும், கோப்பை வைத்த அடையாளம் விழும். வீட்டில் புழங்கும் பொருளில் அவை விழத்தான் வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு.

கதிரைகளில் பெரிய மரத்தின் ஆர்ப்பாட்டம் இல்லை. முதல் காலத்துக் கதிரை ஒன்றை நோல் நிறுவனம் 1940களின் பிற்பகுதியில் தயாரித்து விற்றது. மெல்லிய குச்சிகள் முதுகுக்கு, குடைந்த பலகை இருக்கைக்கு, நான்கு கால். இங்கிலாந்திலிருந்து வந்த வின்ட்சர் கதிரையை அமெரிக்காவின் கிராமங்களில் எல்லாம் காணலாம். அதையே எடுத்துச் சதையைக் குறைத்தது போன்றது. மூன்று காலில் நிற்கும் ஒரு சின்னக் கதிரையை மகளுக்காகச் செய்தார். மகளின் பெயரையே அதற்கு வைத்தார்: மிரா. முகாமுக்குள் கைக்குழந்தையாகப் போன அதே பிள்ளை.

அதிகம் பேசப்பட்டது 1960ஆம் ஆண்டளவில் வந்த கொனொயிட் கதிரை. அதற்கு இரண்டே கால்கள். ஒவ்வொரு காலும் நிலத்தில் கிடக்கும் ஒரு சட்டத்தில் இறங்கும். இருக்கை முன்பக்கம் தாங்கல் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். இருந்தால் முறிந்துவிடும் என்று பார்த்தவர்கள் நினைத்தார்கள். முறியவில்லை. கட்டடக்கலையை விட்டுவிட்டதாகச் சொன்னவர் உண்மையில் அதை விடவில்லை என்பதற்கு அந்தக் கதிரையே சாட்சி. பாரம் எங்கே இறங்குகிறது என்பது கணக்குப் பார்த்துச் செய்த வேலை. அதன் பெயரும் ஒரு கட்டடத்திலிருந்து வந்ததுதான். நியூ ஹோப்பில் தனக்காக அவர் கட்டிய ஒரு பட்டறையின் கூரை, நடுவில் தூண் இல்லாமல் வளைந்து நெளிந்த மெல்லிய கொங்கிரீட் ஓடு. அந்த வடிவத்தின் பெயர் கொனொயிட்.

ஒரு பழக்கத்தைக் குறிப்பிடவேண்டும். நீண்டகாலமாக அவர் தன் பெயரைத் தளபாடங்களில் எழுதவில்லை. வாங்குகிறவரின் பெயரைத்தான் பலகையின் அடியில் மையால் எழுதினார். வந்தவர் பட்டறையில் அவரோடு நின்று பலகையைத் தெரிந்தெடுப்பார். அது யாருக்கு என்று அப்போதே எழுதிவைத்துவிடுவார்கள். ஏலக்காரர்கள் இன்று மேசையைக் கவிழ்த்துப் பார்ப்பது அந்தப் பெயர்களைத்தான். ஒதுக்கிய பலகையில் தொடங்கிய வேலை இப்படிப் பணக்காரர்களின் சேமிப்புப் பொருளானதில் ஒரு முரண் உண்டு. நெல்சன் ரொக்ஃபெல்லரின் வீட்டுக்கு மட்டும் 200க்கும் மேற்பட்ட பொருட்களைச் செய்தார். பட்டறையின் சம்பளமும் மரத்தின் விலையும் அப்படிப்பட்டவர்களிடமிருந்துதான் வந்தன.

1989இல், நியூ ஜேர்சியின் பிரின்ஸ்டன் நகரில் ஒரு குடும்பத்தின் வீடு எரிந்தது. பல வருடங்களாகச் சேர்த்த, அவர் செய்த நூற்றுக்கும் மேற்பட்ட தளபாடங்கள் அதோடு சாம்பலாயின. அவருக்கு அப்போது 84 வயது. எல்லாவற்றையும் திரும்பச் செய்துதர ஒப்புக்கொண்டார். பழைய வரைபடங்களை எடுத்து, மரம் தெரிந்து, வேலையைத் தொடங்கினார். முடிக்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. மிராவும் பட்டறைத் தச்சர்களும் தொடர்ந்து செய்தார்கள்.

அதற்குச் சில வருடங்கள் முன்பு, 1984இல், ஒரு மிகப் பெரிய வால்நட் அடிமரம் அவருக்குக் கிடைத்தது. அதை மேசைகளாகப் பிரித்து விற்றிருந்தால் பெரும் பணம். அவர் செய்ய நினைத்தது சமாதானத்துக்கான பீடங்கள், ஒவ்வொரு கண்டத்துக்கும் ஒன்று. பக்கத்துப் பக்கமாக அரிந்த இரண்டு பெரும் பலகைகளை விரித்துச் சேர்த்து, நடுவில் இருக்கும் பிளவை வண்ணாத்திப்பூச்சித் துண்டுகளால் பிடித்த பீடம். முதலாவது 1986இன் கடைசி நாளில் நியூயோர்க்கின் புனித யோவான் பேராலயத்தில் வைக்கப்பட்டது. மற்றவற்றை அவர் காணவில்லை. ஆசியாவுக்கான பீடம் அவரது மறைவுக்குப் பிறகு, 1996இல் ஓரோவில்லுக்கு வந்தது. கோல்கொண்ட் இருக்கும் தெருவிலிருந்து சில கிலோமீற்றர் தூரம். வேலை பார்க்கப் போய் ஆசிரமவாசியான அந்த இளைஞர் வரைந்த தேக்குத் தளபாடங்கள், கோல்கொண்டின் அறைகளில் இன்றும் இருக்கின்றன.

1988 ஓகஸ்டில் அமெரிக்க அரசு சட்டம் இயற்றி, முகாம்களில் அடைத்ததற்கு மன்னிப்புக் கேட்டது. அந்த நாளில் உயிரோடு இருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டொலர் இழப்பீடு என்று எழுதியது. முதல் காசோலைகள் 1990 ஒக்டோபரில், வயதில் மூத்தவர்களிலிருந்து தொடங்கிக் கொடுக்கப்பட்டன. நகாஷிமா 1990 ஜூன் 15இல் காலமானார்.

அவர் போன பின் சில வாடிக்கையாளர்கள் கொடுத்திருந்த வேலைகளை வேண்டாம் என்று திருப்பி எடுத்துக்கொண்டார்கள். அவர் கை படாத மேசை அவர்களுக்குத் தேவைப்படவில்லை. மிரா பட்டறையை மூடவில்லை. தந்தை அரிந்து அடுக்கிவைத்த பலகைகள் கொட்டில்களில் இன்னும் காய்ந்துகொண்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, யாருக்கு என்று பெயர் எழுதி, வேலையைத் தொடர்ந்தார்.